குகைக்குள் நேரம் அறிந்த வௌவால்கள்

கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அலை வந்து திரும்பும் ஈரமணலில், முட்டை வடிவத்தில் ஒரு சின்ன நண்டு பின்பக்கமாகவே தோண்டிக்கொண்டு சட்டென்று புதைந்துவிடும். கடிக்காது, கிள்ளாது. சிறுவயதில் அதை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு, கிச்சுகிச்சு தாங்காமல் விட்டுவிடாதவர்கள் நம் ஊரில் குறைவு. விலங்கியலில் அதற்கு எமெரிட்டா ஏசியாட்டிகா என்று பெயர். இந்த நண்டைக் கடலிலிருந்து எடுத்துச் சோதனைச்சாலையில் வைத்து, அலையும் ஓதமும் இல்லாத இடத்தில் அதற்குக் கடலின் ஏற்றமும் வற்றமும் நினைவிருக்கிறதா என்று பார்த்தார் ஒருவர். நினைவிருந்தது. வெளியே கடல் ஏறி வற்றும் கணக்கிலேயே இங்கே நண்டின் ஓட்டமும் மூச்சும் கூடிக் குறைந்தன. அதோடு இரவு பகல் கணக்கு ஒன்றும் தனியே ஓடிக்கொண்டிருந்தது. 1965-இல் ஒரு ஜெர்மன் இதழில் இந்த ஆய்வு வெளிவந்தது.

அவர் பெயர் எம். கே. சந்திரசேகரன். முழுப்பெயர் மரோலி கிருஷ்ணய்யா சந்திரசேகரன் (1937-2009). மதுரைப் பல்கலைக்கழகப் பேராசிரியர். உயிர்களின் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இந்தியாவில் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அதிகம் இருப்பார்கள் என்று தோன்றவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. என் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு மூன்று விஷயத்தில்தான் சுற்றும்: சர்க்கரை, பென்ஷன், விடிகாலை மூன்று மணிக்கே வந்துவிடும் விழிப்பு. மூன்றாவது விஷயம் இவருடைய துறை.

இந்தக் கதை ஒரு பிரெஞ்சுக்காரரிடம் தொடங்குகிறது. பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்தப் பழைய குறிப்பை மூலத்திலேயே படிக்க எனக்குக் கொடுத்துவைத்திருந்தது. 1729-ஆம் ஆண்டு. மெரான் என்ற வானியல் அறிஞர், தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை வெளிச்சமே படாத இடத்தில் வைத்தார். பகலில் இலை விரிவதும் இரவில் மூடிக்கொள்வதும் இருட்டிலும் தொடர்ந்து நடந்தன. பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு இதை அவர் நேரில் சொல்லவில்லை. மார்ஷான் என்ற தாவரவியல் நண்பர்தான் சொன்னார். அச்சில் மொத்தமே ஒரு பக்க அளவு. செடி சூரியனைப் பார்க்காமலே உணர்கிறது என்பதுதான் அவர்களுடைய முடிவு. அந்த ஒரு பக்கத்திலும், படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகள் பலர் இரவு பகல் வித்தியாசத்தைப் படுக்கையிலிருந்தபடியே உணர்ந்துகொள்வதைப் பற்றி ஒரு வரி வருகிறது. பெரியாஸ்பத்திரி வார்டில் ஒரு மாதம் துணைக்கு உட்கார்ந்தவர்களுக்கு அந்த வரி புரியும்.

இருட்டில் இருந்த செடி எங்கிருந்தோ சூரியனை உணர்ந்ததா, அல்லது நேரம் அதற்குள்ளேயே இருந்ததா என்ற கேள்விக்குப் பதில் வர இன்னும் நூறு ஆண்டு ஆயிற்று. ஜெனீவாவைச் சேர்ந்த கான்டோல், 1832-இல் வெளியிட்ட நூலில், விடாத வெளிச்சத்தில் வைத்த தொட்டாற்சிணுங்கி 22, 23 மணிக்கு ஒரு சுற்று போவதாக எழுதினார். சூரியனைப் பார்த்துக் காப்பியடித்திருந்தால் சரியாக 24 மணி வந்திருக்க வேண்டும். கணக்கு தப்பியதால்தான் கடிகாரம் சொந்தக் கடிகாரம் என்று தெரிந்தது. எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகவும் பிடித்த இடம் இது. பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதாதவன் என்பதற்கு அவன் விடை வேறாக இருப்பதுதானே சாட்சி!

நம் ஆட்களும் இதைக் கவனிக்காமல் இல்லை. தூங்குமூஞ்சி மரத்துக்கு அந்தப் பெயரை வைத்தது யார்? புளிய இலை இரவில் கூம்புவதை அலெக்சாண்டரின் ஆட்கள் பாரசீக வளைகுடாவில் பார்த்து எழுதிவைத்தார்கள் என்று வரலாறு சொல்கிறது. நம் கிராமத்துக் கிழவிகளுக்கு அது செய்தியே அல்ல. கவனித்ததைக் கேள்வியாக்கி, இருட்டறையில் வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் வந்ததுதான் மெரானின் சிறப்பு.

சந்திரசேகரன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி முடித்து, 1960-களின் நடுவில் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகருக்குப் போனார். அங்கே எர்வின் ப்யூனிங் இருந்தார். இந்தக் கடிகாரம் பரம்பரையாக வருவது என்று 1930-களிலேயே பீன்ஸ் செடிகளைக் கலந்து காட்டிய தாவரவியலாளர் அவர். விலங்கியல் படித்தவர் ஒரு தாவரவியலாளரிடம் போய்ச் சேர்ந்தது நம் பல்கலைக்கழக வழக்கத்தில் நடக்கக்கூடிய காரியமா என்று யோசித்துப் பார்க்கிறேன். கோப்பு எந்தத் துறைக்குப் போவது என்று தீர்மானிக்கவே இரண்டு ஆண்டு ஆகியிருக்கும்.

ட்யூபிங்கனில் எங்கெல்மன் முதலியவர்களோடு சேர்ந்து பழ ஈயில் வேலை செய்தார். கூட்டுப்புழுவிலிருந்து ஈ வெளிவருவது விடியலை ஒட்டி. முழு இருட்டில் வைத்தாலும் அந்த முறை மாறாது. அந்த இருட்டில் ஒரு சிறு வெளிச்சத்தைக் காட்டினால் கடிகாரம் நகரும். முன்னிரவில் காட்டினால் பின்னுக்குத் தள்ளிப்போகும், பின்னிரவில் காட்டினால் முன்னுக்கு வரும். ஒரே வெளிச்சம் ஒரு வேளையில் அந்தியாகவும் இன்னொரு வேளையில் விடியலாகவும் உயிருக்குப் படுகிறதா என்று ஆராய்ந்த அவர்களுடைய கட்டுரை 1973-இல் வந்தது. அமெரிக்காவிலிருந்து வரும் நம் பிள்ளைகள் நடுநிசியில் எழுந்து சமையலறையில் பாத்திரம் உருட்டுவதும், பத்து மணிக்கு மேல் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு தூக்கம் வரவில்லை என்று நாம் புலம்புவதும் இதே கணக்கில் அடங்கும்.

அங்கேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை. 1970-களில் மதுரைக்கு வந்தார். பல்கலைக்கழகத்துக்கு அப்போது பத்து வயதுகூட நிறைந்திருக்காது. 1966-இல் தொடங்கியது, காமராசர் பெயர் 1978-இல்தான் சேர்ந்தது. அங்கே விலங்குகளின் நடத்தையைப் படிப்பதற்கென்றே ஒரு துறையை நிறுவினார். பெரிய கருவிகள் இல்லாத ஊரில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். கீழக்குயில்குடி சமணர் மலை இருந்தது. மலையில் குகை, குகையில் வௌவால்.

ஹிப்போசிடெராஸ் ஸ்பியோரிஸ் என்ற சிறிய, பூச்சி தின்னும் வௌவால் அது. அதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 1800-இல் ஐரோப்பிய விலங்கியல் நூலில் இந்த இனம் முதன்முதலில் விவரிக்கப்பட்டபோது, அதற்கு மூலமாகக் குறிக்கப்பட்ட இடம் தரங்கம்பாடி. சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் அரைநாளில் போய் வந்துவிடலாம்.

வௌவால் தொங்கும் உட்குகையில் பகலும் இரவும் ஒரே இருட்டு. வெப்பமும் அதிகம் மாறாது. ஆனாலும் சாயங்காலம் ஆனால் கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டுவிடும். எப்படித் தெரிகிறது? மாரிமுத்து, சுப்பராஜ் முதலிய மாணவர்களோடு சேர்ந்து சந்திரசேகரன் செய்த சோதனை மிக எளியது. ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்து, குகைக்குள் அதன் கூட்டத்தின் நடுவிலேயே வைத்தார்கள். அது வெளியே போக முடியாது, வானத்தைப் பார்க்க முடியாது. கூண்டின் அசைவைக் கருவி பதிவுசெய்தது. மற்ற வௌவால்கள் புறப்படும் நேரத்துக்கு இதுவும் பரபரக்கத் தொடங்கியது. அவை ஒவ்வொரு நாளும் சூரியனோடு ஒத்துப்போனதால் இதுவும் 24 மணிக்கணக்கில் நின்றது. பிறகு வேறு வௌவால் எதுவும் இல்லாத ஒரு குகையில் தனி வௌவாலை வைத்துப் பார்த்தார்கள். கடிகாரம் ஓடியது, நிற்கவில்லை. ஆனால் 24 மணியை விட்டு விலகி, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே போனது. வெளியே என்ன வேளை என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் அற்றுப்போனது.

இது முழுமையாக 1981-இல் வெளிவந்தது. வெளிச்சத்துக்கு அடுத்தபடியாக, தன் இனத்தின் சந்தடியே ஓர் உயிருக்கு மணி அடிக்கும் என்று இயற்கைச் சூழலிலேயே காட்டிய ஆய்வு. 1983-இல் இன்னொன்றும் பார்த்தார்கள். அதே குகைக் கூட்டத்தின் நடுவே வேறு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலை வைத்தார்கள். சுற்றிலும் ஆயிரம் சிறகு அடித்தாலும் அதன் கடிகாரம் இவற்றோடு சேரவில்லை. வேற்றுமொழி ஊருக்கு மாற்றலாகிப் போய்ச் சந்தையில் நிற்பவனுக்கு இது விளங்கும்.

1985-இல் விஸ்வநாதனும் சந்திரசேகரனும் எழுதிய ஒரு சிறு கட்டுரை லண்டனின் நேச்சர் இதழில் வந்தது. அந்த இதழில் இடம் கிடைப்பது எவ்வளவு பெரிது என்பதைக் கல்லூரி ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள். வயல் எலிக்குஞ்சுகளிடமிருந்து தாயைக் குறித்த நேரத்துக்கு எடுத்துவிட்டு, குறித்த நேரத்துக்குத் திரும்ப விட்டார்கள். தாய் வருவதும் போவதுமே குஞ்சுகளின் உள்கடிகாரத்தை ஓட்டிச் சரிசெய்தது. அம்மா இருக்கும் பொழுது, அம்மா இல்லாத பொழுது. அவற்றுக்கு நாள் அவ்வளவுதான்.

மனிதரையும் விடவில்லை. கடிகாரம், ஜன்னல், செய்தித்தாள் எதுவும் இல்லாத தனியறையை மதுரையில் அமைத்து, அதில் மனமுவந்து இருந்தவர்களின் தூக்கத்தையும் விழிப்பையும் நாட்கணக்கில் பதிவுசெய்தார்கள். இதில் முன்னோடி ஜெர்மனியின் யூர்கன் ஆஷோப். நிலவறையில் ஆட்களை இருத்திப் பார்த்தவர் அவர். பிரான்சில் மிஷேல் சிஃப்ர் என்ற இருபத்துமூன்று வயது இளைஞர் 1962 ஜூலையில் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் கைக்கடிகாரம் இல்லாமல் தனியே இறங்கினார். செப்டம்பர் 14-ஆம் தேதி மேலே கூப்பிட்டபோது, தேதி ஆகஸ்ட் 20 என்றுதான் அவர் கணக்கு. எங்கள் பள்ளியில் அவர் படம் வந்த பிரெஞ்சுப் பத்திரிகை கைமாறிக் கைமாறிக் கிழிந்தே போனது. அவர் உள்ளே இருந்த நாட்களில், ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பூமிக்கடியில் இருந்த அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

இந்தக் கடிகாரம் மூளையில் எங்கே இருக்கிறது என்பது பாலூட்டிகளில் 1972-இல் தெரியவந்தது. இரண்டு விழிநரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, மனிதரில் அரிசிமணி அளவுகூட இல்லாத ஓர் இடம். எலியில் சுமார் 20,000 நரம்பணுக்கள். கண்ணில் படும் வெளிச்சத்தைக் கொண்டு அது தினமும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. வயதானால் அதன் பிடி தளர்கிறது, தூக்கம் முன்னதாக வந்து முன்னதாகக் கலைகிறது. மூன்று மணி விழிப்பில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. காலை வெயிலில் நடக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம்.

வௌவாலிலிருந்து மனிதனுக்குத் தாவுவது விஞ்ஞானம் ஆகாது. நமக்கு வெளிச்சம்தான் முதல், கூட்டம் பிறகுதான் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இருந்தாலும், நாற்பது ஆண்டு வருகைப்பதிவேட்டில் பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓய்வு பெற்றவர்களை எனக்குத் தெரியும். துணையை இழந்தபின், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் ஒற்றையாக இருப்பவர்களையும் தெரியும். காலைச் சாப்பாடு பதினொன்றுக்குப் போகிறது, பகல் தூக்கம் அந்திவரை நீள்கிறது, இரவு இரண்டுக்கு டிவி ஓடுகிறது. "எனக்கென்ன அவசரம்" என்பார்கள். அந்த வீடுகளுக்குப் போய்விட்டு வரும்போதெல்லாம் ஆளில்லாத குகையில் இருந்த அந்தக் கூண்டுதான் என் ஞாபகத்துக்கு வருகிறது.

1979-இல் சந்திரசேகரனுக்கு பட்நாகர் விருது கிடைத்தது. இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்களும் அவரை உறுப்பினராக்கின. மதுரைக்குப் பிறகு பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்துக்குப் போய், அங்கேயும் மாணவர்களைச் சேர்த்து, ஈயையும் வயல் எலியையும் வைத்து வேலையைத் தொடர்ந்தார். பொதுமக்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதினார். 2009-இல் காலமானார். பழ ஈயின் கடிகார மரபணுக்களைக் கண்டறிந்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தபோது பார்க்க அவர் இல்லை. மாரிமுத்து மதுரையிலேயே பேராசிரியரானார். ஜெர்மானிய நரம்பியல் அறிஞர் நாய்வைலரோடு சேர்ந்து, காரிருட்டில் தவளை எழுப்பும் சின்னச் சத்தத்தைக் கேட்டே வேறொரு பெரிய வௌவால் அதை எப்படிப் பிடிக்கிறது என்று ஆராய்ந்து 1987-இல் எழுதினார்.