டிடிஎஸ் பிடிச்சாச்சு, அப்புறம் எதுக்கு ரிட்டர்ன்?

ஃப்ரீலான்ஸ் பண்றவங்ககிட்ட அடிக்கடி வர்ற கேள்வி இது: "கிளையன்ட் 10 சதவீதம் பிடிச்சுட்டுத்தானே பணம் போட்டாரு, நான் எதுக்கு ரிட்டர்ன் போடணும்?" இதுக்குப் பதில் சொல்ல 1860-க்குப் போகணும்.

1857 கிளர்ச்சியை அடக்கின செலவுல பிரிட்டிஷ் இந்திய அரசோட கஜானா காலி. அதைச் சரிபண்ண லண்டன்ல இருந்து வந்தவர் ஜேம்ஸ் வில்சன், 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1860-ல் அவர் கொண்டுவந்த வருமான வரி, வருமானத்தை நாலு வகையாகப் பிரித்தது: நிலம், தொழில்-வியாபாரம், கடன்பத்திரம், சம்பளம்-பென்ஷன்.

வெளிப்படையா எதிர்த்தவர் மெட்ராஸ் கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன். வரி வேண்டாம், செலவைக் குறைங்கன்னு சொன்னார். அந்த எதிர்ப்பைப் பத்திரிகையிலும் வெளியிட்டார், பதவி போச்சு. வில்சனும் அதே ஆகஸ்டில் கல்கத்தாவில் இறந்துட்டார். ட்விஸ்ட் என்னன்னா, 1863-ல் நிதிப் பொறுப்புக்கே ட்ரெவெல்யன் திரும்பி வந்தார். 1865-ல் வரி நின்றது. பிறகு 1886 சட்டத்தில் நிலையாக உட்கார்ந்தது.

ஆனா அந்த நாலு வகையில ஒரு சிக்கல் அப்பவே இருந்தது. குமாஸ்தாவோட சம்பளம் ஒரே ஆபீஸ் கணக்கில் இருக்கும். வக்கீலுக்கோ பத்துப் பேர் ஃபீஸ் தருவாங்க. மொத்தம் எவ்வளவுன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால கணக்கை அவர்தான் சொல்லணும்.

அதுக்கப்புறம் வந்ததெல்லாம் இந்த இடைவெளியை அடைக்கிற முயற்சிதான். இரண்டாம் உலகப்போர் நடந்த 1944-ல் அட்வான்ஸ் டாக்ஸ். 1995-ல் தொழில்முறைக் கட்டணத்துக்கு டிடிஎஸ், அதாவது 194ஜே. 2016 நிதிச் சட்டத்தில் 44ஏடிஏ: பட்டியலில் உள்ள தொழில்களுக்கு, ஒரு வரம்புக்குள்ள, வரவில் பாதியை லாபம்னு காட்டினாப் போதும், முழுக் கணக்குப் புத்தகம் வேண்டாம்.

இதுல எதுவும் ரிட்டர்னுக்குப் பதில் ஆகாது. நாலு கிளையன்ட் இருந்தா, ஒவ்வொருத்தரும் தான் பிடிச்சதை மட்டும்தான் சொல்வாங்க. கூட்டிப் பாக்குற ஆள் நீங்கதான்.

இப்போ கணக்கு. 44ஏடிஏ-ல வர்ற ஒருத்தருக்கு வருஷத்துக்கு 8 லட்சம் வரவு, வேற வருமானம் இல்லை. டிடிஎஸ் 80,000. லாபம்னு காட்டுறது 4 லட்சம், அதுக்கு வரி பூஜ்யம். அந்த 80,000 ரூபாய் திரும்பி வர ஒரே வழி ரிட்டர்ன். போடலைன்னா யாரும் தேடி வந்து தரமாட்டாங்க.