வீட்டில் கிற்றார் ஒலிப்பதிவு: மைக்குக்கு முன் அறையைக் கவனிப்போம்

எண்பதுகளில் டென்மார்க் வந்த எம்மவரில் கிற்றார் வாசிப்போர் பலர். ஊரில் பைலாவுக்கும் தேவாலயப் பாடல்களுக்கும் பழகிய விரல்கள். இப்போது அவை இறுகத் தொடங்கிவிட்டன. அவர்கள் மெட்டமைத்த பாட்டுகளோ கைபேசிகளில் இரைச்சலோடு கிடக்கின்றன. அவற்றைச் சுத்தமாகப் பதிந்து வைக்க ஸ்டூடியோ தேவையில்லை.

கணினி இருந்தால், ஒரு கொண்டென்சர் மைக், ஸ்டாண்ட், 48 வோல்ட் மின்சாரம் தரும் ஓடியோ இன்டர்ஃபேஸ், காதை மூடும் ஹெட்போன் ஆகியவை போதும். மின்கிற்றாரின் அம்ப்பைப் பதிவதென்றால் ஷூர் எஸ்எம்57 போன்ற டைனமிக் மைக்கே பொருத்தம். இணையத்தில் கடையிடம் வாங்கினால் 14 நாட்களுக்குள் வாங்குவதைக் கைவிடும் உரிமை உண்டு. நேரில் வாங்கினால் சட்டப்படி அது இல்லை; கடைக்காரர் விரும்பினால்தான்.

உலகப் புகழ்பெற்ற மைக்குகள் கோப்பன்ஹேகனுக்கு அருகிலேயே பிறந்தவை. 1942இல் தொடங்கிய ப்ரூயெல் அண்ட் கேயர் நிறுவனத்தில் பணியாற்றியவர்கள் 1992இல் டிபிஏ நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். அவர்களுடைய 4006 எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியை வாங்கும் மைக். அதனாலேயே வெறும் சுவர் அறையில் அது எதிரொலியையும் குளிர்சாதனப் பெட்டியையும் சேர்த்தே பதியும். முதல் மைக்குக்கு அவ்வளவு செலவழிப்பது, எமது கணக்கில், வீண்.

பழைய அடுக்குமாடி வீடுகளில் மரத்தரையும் உயர்ந்த கூரையும் ஒலியை எதிரொலிக்கச் செய்கின்றன. ஆகவே படுக்கையறையில் பதிவோம். வாசிப்பவருக்குப் பின்னால் தடித்த போர்வை, காலடியில் கம்பளம். மூலையில் உட்கார வேண்டாம்.

நாம் முதன்முதலில் மைக்கைத் துளைக்கு நேரே வைத்தோம். கேட்டால் அண்டாவுக்குள் வாசித்தது போலிருந்தது! துளையிலிருந்து தாழ்ந்த ஒலி மிகுந்து வருவதே காரணம். கழுத்தும் உடலும் சேரும் இடத்தை, ஏறத்தாழ 12ஆவது ஃபிரெட்டை நோக்கி, 25 முதல் 30 செ.மீ. தூரத்தில் வைத்தால் தெளிவு கூடும். பிறகு ஐந்து செ.மீ. அங்கும் இங்கும் நகர்த்தி ஹெட்போனில் கேளுங்கள். விலை கூடிய மைக்கை விட இந்தப் பத்து நிமிடம் பெரிது.

24 பிட்டில், உச்ச ஒலி மைனஸ் 12 டெசிபெல் அளவில் நிற்கட்டும். சத்தம் சிதறினால் பின்னர் திருத்த முடியாது. குறைவாக இருந்தால் கூட்டலாம்.

குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றை உலர்த்திவிடும். ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு இல்லாவிட்டால் மரம் சுருங்கி வெடிக்கலாம். ஈரமானி மலிவுதான்.

எம்பி3 ஆக அல்ல, வேவ் கோப்பாகவே சேமியுங்கள். கோப்பின் பெயரில் வாசித்தவர், ஊர், ஆண்டு மூன்றும் இருக்கட்டும். ஒரு பிரதியை வேறு வீட்டில் வையுங்கள்.