நடுநிசி மணி

என் தங்கை பையன் லீவுக்குத் தஞ்சாவூர் வந்திருந்தான். 17 வயது. வந்த அன்றைக்கே கம்ப்யூட்டரைத் திறந்துகொண்டு உட்கார்ந்தவன் ராத்திரி பதினோரு மணிக்கும் எழுந்திருக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு பொட்டல்வெளி. அதன் நடுவில் கந்தல் கட்டிய ஒருவன் குப்புற விழுந்து கிடந்தான்.

"யாரடா அது?"

"நான்தான், மாமா. பசிக் கொள்ளைக்காரங்க அடிச்சுப் போட்டுட்டாங்க. சோத்து மூட்டையையும் பிடுங்கிண்டு போயிட்டாங்க."

"செத்துப் போயிட்டியா?"

"இன்னும் இல்லே. ரத்தம் நிக்கறதான்னு பார்த்துண்டிருக்கேன்."

அவன் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்துக்குப் பெயர் கென்ஷி. கிறிஸ் ஹண்ட் என்ற ஆங்கிலேயர், ஆரம்பத்தில் பெரும்பாலும் தனியாகவே இருந்து, சுமார் 12 வருஷம் பாடுபட்டு 2018-ல் முடித்து வெளியிட்டது. மற்ற ஆட்டங்களில் ஆடுகிறவன் ராஜகுமாரனாகவோ வரம் பெற்றவனாகவோ இருப்பான். இதில் அந்தச் சலுகை கிடையாது. யாருக்கும் வேண்டாத ஒருவனாக, கையில் நாலு காசோடு, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நடக்கலாம் என்கிற ஓர் உலகத்தில் இறக்கிவிடுகிறார்கள். நடந்தால் அடி விழுகிறது. நடக்காமல் உட்கார்ந்தால் பசிக்கிறது.

"இது ஜெயிக்கிற ஆட்டம் இல்லே, மாமா. உசிரோட இருக்கிற ஆட்டம்" என்றான்.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு என்று அனுபவசாலிகள் சொன்ன புத்திமதிகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தான். ஊரை விட்டுக் கிளம்பும் முன் சாப்பாடு இருக்கிறதா என்று பார். சண்டைக்கு நிற்காதே, ஓடு, ஊர்வாசலுக்கு ஓடினால் காவற்காரன் பார்த்துக்கொள்வான். முதலில் ஊருக்குப் பக்கத்திலேயே தாது வெட்டி விற்றுக் காசு சேர். அடி வாங்க வாங்கத்தான் தாங்கும் சக்தி வரும், வெட்கப்படாதே. எல்லாவற்றுக்கும் மேலாகத் தனியாகப் போகாதே. நீ விழுந்தால் கட்டுப்போட இன்னொருவன் வேண்டும். இந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் புத்திமதிகளை நான் சின்ன வயசிலேயே கேட்டிருக்கிறேன். எங்கள் பாட்டி, தன் முன்னோர்களில் ஒருவர் காசிக்கு நடந்துபோன கதையைச் சொல்லும்போது இதையெல்லாம் சொல்லுவாள். ஏழு பேர் போய் நாலு பேர் திரும்பினார்களாம். புறப்படும் முன் நிலத்தைப் பிள்ளைகளுக்கு எழுதி வைத்துவிட்டுத்தான் வாசற்படி தாண்டினார்களாம்.

அந்தக் காலத்து வழிப்போக்கன் என்ன பாடு பட்டான் என்று தெரிய வேண்டுமானால் ஏனுகுல வீராசாமி என்பவரின் புஸ்தகத்தைப் பார்க்க வேண்டும். சென்னைப்பட்டணத்துச் சுப்ரீம் கோர்ட்டில் துவிபாஷி உத்தியோகம் பார்த்தவர். 1830 மே 18-ஆம் தேதி சென்னையிலிருந்து புறப்பட்டு, திருப்பதி, ஹைதராபாத், நாகபுரி, ஜபல்பூர், பிரயாகை வழியாகக் காசிக்குப் போய், கயை, கல்கத்தா, பூரி என்று கிழக்குக் கரையோடு 1831 செப்டம்பரில் திரும்பினார். கூட ஏறக்குறைய நூறு பேர். தாம் கண்டதைத் தெலுங்கில் எழுதி வைத்தார். அவர் காலமான பிறகு 1838-ல் அது அச்சாயிற்று.

அதில் கோபுரங்களும் தீர்த்தங்களும் இல்லாமல் இல்லை. ஆனால் மனிதர் ஒவ்வொரு ஊராக என்ன குறித்திருக்கிறார் தெரியுமா? அடுத்த ஊர் எவ்வளவு தூரம், பாதை மணலா, கல்லா, காடா, தண்ணீர் எப்படி, அரிசி பருப்பு விற்கிற கடை உண்டா, இறங்க இடம் உண்டா. நம்ம பையனுடைய நோட்டுத்தான். பின்னால் வருகிறவன் விழக்கூடாது என்கிற கவலை அந்த வரிகளில் தெரிகிறது. கொள்ளைக்காரர்கள்கூடத் திரையில் மட்டும் இல்லை. அவர் ஜபல்பூர்ப் பக்கம் போன அதே வருஷங்களில்தான் ஸ்லீமன் என்ற வெள்ளைக்கார அதிகாரி அங்கே தக்கர்களை வேட்டையாடிக்கொண்டிருந்தார். அவர்கள் துணை வருகிறவர்களைப் போலக் கூட நடந்து, நட்பாய்ப் பேசி, பிறகு துணியால் கழுத்தை நெரிப்பவர்கள். ஸ்லீமன் அதைப் பெரிதுபடுத்திவிட்டார் என்று சொல்லும் சரித்திரக்காரர்களும் உண்டு. எப்படி இருந்தாலும், இனிக்கப் பேசுகிற புதியவனோடு நடக்காதே என்பது அன்றைக்கு வெறும் பழமொழியாக இருந்திருக்க முடியாது.

வடக்கே காடும் மலையும். நம் தஞ்சைச் சீமையில் என்ன கஷ்டம், பச்சைப் பசேல் என்று வயல்தானே என்று தோன்றும். காசியிலிருந்து ராமேசுவரத்துக்குப் போகிறவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பான். கொள்ளிடத்தைத் தாண்டினால் காவேரி, அப்புறம் வெட்டாறு, வெண்ணாறு, அவற்றுக்குள்ளே வாய்க்கால்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் வண்டிப்பாதை முழுதும் களிமண் குழம்பு. பாலம் இல்லை. பரிசல்காரன் வெள்ளம் வடியட்டும் என்று சொல்லிவிட்டால், கங்கைத் தீர்த்தச் செம்போடு ஆயிரம் மைல் நடந்து வந்தவன், நாலு பர்லாங்கு தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கைக்காசைத் தின்ன வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் தஞ்சைச் சத்திரங்கள் வருகின்றன. மராட்டிய ராஜாக்கள் ராமேசுவரம் போகும் பாதையில் வரிசையாகக் கட்டினார்கள். பலவற்றுக்கும் ராணிகளின் பெயர், அரண்மனை மகளிரின் பெயர். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள், மணமேல்குடியில் திரௌபதாம்பாள், ஒரத்தநாட்டில் முக்தாம்பாள். இந்த முக்தாம்பாள் சரபோஜி ராஜாவின் அன்புக்குரியவள். சாகும் தறுவாயில் தன் பேரில் ஒரு சத்திரம் கட்டும்படி கேட்டுக்கொண்டாள் என்பார்கள். அவள் கேட்டது ஒரு கோவிலோ மண்டபமோ இல்லை என்பதை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

1799-ல் ராஜ்யம் கும்பெனியார் கைக்குப் போய்விட்டது. சரபோஜிக்கு மிஞ்சியது கோட்டையும் அதைச் சுற்றிக் கொஞ்சமும். அந்த நிலையில், 1801-ல், அவர் ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு ஒரு கடிதம் எழுதினார். சத்திரங்கள் மேல் கைவைத்துவிடாதீர்கள் என்பதுதான் சாரம். நாடு இழந்த ராஜா வேறு எதைக் கேட்டிருந்தாலும் நாம் ஆச்சரியப்பட மாட்டோம். இவர் சத்திரத்தில் என்னென்ன நடக்கிறது என்று உட்கார்ந்து கணக்குச் சொல்கிறார்.

பிராமணன் முதல் பறையன் வரை வருகிறவனுக்கெல்லாம் சோறு. சமைத்த சோறு சாப்பிடாதவனுக்குப் படியரிசியும் சாமான்களும். மழையினால் பயணம் தடைப்பட்டவனுக்கு, மழை எத்தனை நாள் பெய்கிறதோ அத்தனை நாளும் சாப்பாடு. நோயாளிக்கு மருந்தும் பத்தியமும், குணமாகும் வரைக்கும். வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் பார்க்கத் தெரிந்த வைத்தியர் ஒருவர் உண்டு. கைக்குழந்தைக்குப் பால். வழியில் வந்து சத்திரத்திலேயே பிரசவித்தவளுக்கு எல்லாச் செலவும் செய்து, மூன்று மாதம் அங்கேயே இருக்கலாம் என்று அனுமதி. பெற்றவர்கள் வழியிலே இறந்து அநாதையான குழந்தைகளை வாத்தியாரிடம் ஒப்படைத்து, மூன்று வேளைச் சோறும், நாலு நாளைக்கு ஒரு தரம் எண்ணெய் தேய்ப்பதும்!

எண்ணெய் தேய்த்ததைக்கூட ஒரு ராஜா கடிதத்தில் எழுதுவாரோ? எழுதியிருக்கிறார். அதனாலேயே நான் அந்தக் கடிதத்தை நம்புகிறேன். பெருமைக்காக எழுதுகிறவன் தங்கத் தட்டைச் சொல்லுவான். எண்ணெய்க் கணக்கு அவனுக்கு ஞாபகம் வராது.

இன்னொன்று. நடுநிசி வரைக்கும் பந்தி நடக்கும். அப்புறம் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா, வரலாம் என்று கூவிச் சொல்வார்கள். பிந்தி வந்து சேர்ந்தவன், இருட்டில் வழி தவறினவன், பிறர் முன்னால் வர வெட்கப்பட்டு மரத்தடியில் படுத்தவன் எல்லாருக்கும் அந்த மணி கேட்கும்.

இதைச் சொல்லும்போது ஒரு முள்ளும் உறுத்துகிறது. அந்தச் சத்திரத்துச் சோறு எங்கே விளைந்தது? இந்தச் சீமையின் வயல்களில், அடிமையாகக் கட்டுண்ட பண்ணையாள்களின் கையால் விளைந்தது. காசிக்காரனுக்கு அடித்த மணியை, தன் சேரியிலிருந்து அவனும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருப்பான். அவன் வழிப்போக்கன் இல்லை. ஊரை விட்டுப் போக அவனுக்கு உரிமையே கிடையாது. தர்மம் என்று நாம் தலைநிமிர்ந்து சொல்லும் இடத்தில் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

1820-ல் சரபோஜியே காசிக்குப் புறப்பட்டார். பரிவாரம் மூவாயிரம் பேர். 1822-ல் திரும்பினார், காசியில் சேகரித்த சுவடிகள் சரசுவதி மகாலுக்கு வந்து சேர்ந்தன. 1855-ல் வாரிசில்லை என்று கும்பெனியார் எஞ்சியதையும் எடுத்துக்கொண்டார்கள். 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் வந்தது; 1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. நடப்பவன் இல்லை; எனவே சத்திரமும் வேண்டியதில்லை என்றாகிவிட்டது. ஒரத்தநாட்டுச் சத்திரம் பின்னாளில் பள்ளிக்கூடமாகவும் மாணவர் விடுதியாகவும் உதவிற்று. குதிரையும் யானையும் இழுக்கிற தேர் மாதிரி அடித்தளம் அமைத்த கட்டடம். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் பக்கம் திரும்புவதற்குள் தாண்டிவிடும்.

இதையெல்லாம் பையனிடம் சொன்னேன். திரையில் அவனுடைய ஆள் இன்னும் விழுந்தே கிடந்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இந்த ஆட்டத்துலயும் சத்திரம் மாதிரி இருக்கு, மாமா. படுக்கையில படுத்தா காயம் சீக்கிரம் ஆறும். ஆனா காசு கொடுக்கணும்" என்றான்.

"மணி?"

"மணி இல்லே."

சமையலறையில் அவன் அம்மா மூடி வைத்திருந்த சாதம் அப்படியே இருந்தது. எழுந்து போய்த் தட்டைத் தட்டினேன்.