யார் உடலில் யார்?

போன வாரம் வசந்தசேனையை அசோக மரத்தடியில் உயிரில்லாமல் கிடத்திவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். ஏழு நாளாக என்னைத் திட்டிக்கொண்டிருந்திருப்பீர்கள். திட்டுங்கள், தப்பில்லை. ஆனால் சீக்கிரம் வாருங்கள். நமக்குத்தான் ஒரு வாரம் ஓடியிருக்கிறது. அந்த நந்தவனத்தில் இன்னும் ஒரு நாழிகைகூட ஆகவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் இப்போது நிற்பது மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நாடகம் ஒன்றுக்குள். பெயர் ‘பகவதஜ்ஜுகம்’. பொத்தேரியிலிருந்து கடற்கரை போகும் ரயிலில் கல்லூரிப் பிள்ளைகள் தலையணை கனத்தில் ஆங்கில நாவல் படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மந்திரவாதிகள், அவர்களுக்குள் போட்டி, நடுவில் ஒரு காதல், சுற்றிலும் மாய உலகம். அந்தப் பிள்ளைகளிடம் யாராவது சொல்லுங்களேன். அதே ரயில் பல்லாவரத்தில் நிற்கும்போது, மகேந்திரன் குடைந்த குகைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அவன் நாட்டில் இந்த மாதிரிக் கதை 1,400 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. நாடகத்தின் பெயரையே பாறையில் வெட்டி வைத்தார்கள்.

சரி, நந்தவனத்துக்கு வருவோம்.

வசந்தசேனை கணிகை. காதலன் ராமிலகனுக்காகக் காத்திருந்தாள். அசோகத் தளிரைக் கிள்ளக் கை நீட்டினாள். மரத்தில் பாம்பு உருவில் காத்திருந்த யமதூதன் உயிரைக் கவர்ந்துகொண்டு போய்விட்டான். தோழி தாயைக் கூட்டிவர ஓடினாள். இங்கே மிச்சமிருப்பது ஒரு துறவி, அவருடைய சீடன்.

சீடன் பெயர் சாண்டில்யன். ‘கடல் புறா’ எழுதியவர் இல்லை! இவன் சோற்றுக்காகச் சாமியார் பின்னால் வந்தவன். வீட்டில் பட்டினி. காலைச் சாப்பாடு கிடைக்கும் என்று முதலில் பௌத்தர்களிடம் போனான். அங்கே ஒருவேளைதான் சோறு என்று தெரிந்ததும் காவியைக் கழற்றி வைத்துவிட்டு, இந்த யோகியின் மூட்டையைத் தூக்கிக்கொண்டான். ஞானத்தில் அவனுக்கு நாட்டமில்லை. ஆனால் கண் முன்னே ஒரு பெண் செத்து விழுந்ததும் அழுதான். வாய்விட்டு அழுதான்.

குருவின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

பற்றுதான் துக்கத்துக்கு வேர் என்று அவர் பாடம் எடுக்கிறார். எதிரே பிணம் கிடக்கிறது! சாண்டில்யனுக்குப் பொறுக்கவில்லை. நெஞ்சில் ஈரமில்லாதவர் நீர், உம்முடைய யோகமும் ஒரு யோகமா என்று குருவையே பிடித்து விளாசுகிறான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். யோகி அடுத்து செய்யப்போகும் காரியத்துக்கு என்ன காரணம்? அவருக்கு வசந்தசேனை மேல் இரக்கம் வந்துவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அழாத மனிதர் அவர். சீடன் வாயை அடைக்க வேண்டும். யோகத்தின் வலிமை என்ன என்று காட்ட வேண்டும். வாதத்தில் தோற்க மனமில்லாத வாத்தியார், அவ்வளவுதான். ஒரு பெண்ணின் உடல் அவருக்கு அந்த நேரத்தில் கரும்பலகை.

உட்கார்ந்தார். கண்ணை மூடினார். மூச்சு அடங்கியது. உடலை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

வசந்தசேனை எழுந்தாள்.

எழுந்தவள் முதலில் யாரைக் கூப்பிட்டாள்? ராமிலகனையா, தாயையா? சாண்டில்யனை! அதுவும் குரு கூப்பிடும் அதே தோரணையில்.

மேடையில் இதை எப்படிக் காட்டினார்கள் என்பதுதான் அழகு. அந்தக் காலத்து வடமொழி நாடகத்தில் துறவியும் அரசனும் சமஸ்கிருதம் பேசுவார்கள். பெண்களும் வேலையாட்களும் பிராகிருதம் பேசுவார்கள். எழுந்து நின்ற வசந்தசேனை வாயைத் திறந்தாள். சுத்தமான சமஸ்கிருதம்! உள்ளே இருப்பது யார் என்று பார்ப்பவர்களுக்கு நொடியில் தெரிந்துவிடும். மேடையில் இருப்பவர்களுக்குத்தான் ஒன்றும் விளங்காது.

தாய் ஓடி வந்தாள். மகள் உயிரோடு நிற்கிறாள். கட்டிக்கொள்ளப் போனால் தொடாதே என்கிறாள். ராமிலகனும் வந்து சேர்ந்தான். எத்தனை ஆசையோடு வந்திருப்பான்! அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தான். அவனுக்குக் கிடைத்தது உபதேசம். விஷம் தலைக்கேறிவிட்டது என்று முடிவு கட்டி வைத்தியரைக் கூட்டிவந்தார்கள். அவர் மண்டலம் போட்டு மந்திரம் சொன்னார். நோயாளி அவருடைய சமஸ்கிருதத்தில் பிழை திருத்தினாள். வைத்தியர் எடுத்தார் ஓட்டம்.

சிரிப்பு அடங்குவதற்குள் அவன் வந்து நின்றான்.

யமதூதன்.

பெயர் ஒற்றுமையால் பக்கத்துத் தெரு ஆளுக்குச் சம்மனை நீட்டிவிட்ட கோர்ட் அமீனாவைப் போல வந்து நிற்கிறான். எமன் கேட்டனுப்பியது வேறொரு வசந்தசேனையை. இவன் கொண்டுபோனது இவளை. எமனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். உடலைத் தீயில் வைப்பதற்குள் உயிரைத் திருப்பிப் போடு, ஓடு என்று உத்தரவு. ஓடி வந்தான். கையில் வசந்தசேனையின் உயிர். எதிரே வசந்தசேனையின் உடல்.

ஆனால் உடல் நின்றுகொண்டு உபதேசம் செய்கிறது!

ஆள் சாதாரணமானவன் இல்லையே. என்ன நடந்திருக்கிறது என்று உடனே புரிந்துகொண்டான். யோகி ஒருவர் உள்ளே புகுந்து விளையாடுகிறார். இந்த அத்தியாயத்தின் உயிர்நாடி இந்த நிமிஷம்தான். அவனுக்கு நேர்வழி இருந்தது. யோகியை வணங்கி, ஐயா, இது என் தவறு, உடலை விடுங்கள் என்று கேட்டிருக்கலாம். அரை நிமிஷத்தில் முடிந்திருக்கும். கேட்கவில்லை. ஏன்?

உயிரை எடுப்பதும் வைப்பதும் அவன் தொழில். அதில் இன்னொருத்தர் கை வைத்துவிட்டார். அதுவும் அவன் பிழை செய்த அன்றைக்கே, அவன் பிழை செய்த இடத்திலேயே. மேலே திட்டு வாங்கியவனுக்குக் கீழே ஒரு போட்டிக்காரர். அந்த எரிச்சல் யாரைத்தான் சும்மா விடும்?

சுற்றும் முற்றும் பார்த்தான். மரத்தடியில் காவி உடுத்த உடல் ஒன்று காலியாக உட்கார்ந்திருந்தது.

கையிலிருந்த உயிரை அதற்குள் போட்டான்.

போச்சு!

துறவி எழுந்தார். அசைந்து அசைந்து நடந்தார். ராமிலகன் எங்கே என்று கேட்டார். கேட்டதோடு விடவில்லை, கட்டிக்கொள்ளச் சொன்னார், கள் வேண்டும் என்றார். பாவம் சாண்டில்யன்! இத்தனை நாள் மூட்டை தூக்கிய குருவா இது? அங்கே ஒரு பெண் குருவைப் போல அதட்டுகிறாள். இங்கே குரு பெண்ணைப் போலக் குழைகிறார். இது சாமியாரும் இல்லை, கணிகையும் இல்லை, இரண்டும் கலந்த ஏதோ ஒன்று என்று அவன் தலையில் கை வைக்கிறான். பகவான் என்றால் சாமியார், அஜ்ஜுகா என்றால் கணிகை. நாடகத்துக்குப் பெயர் வந்ததும் அப்படித்தான்.

எல்லாரும் சிரிக்கும் இந்த இடத்தில் நான் ராமிலகனைத்தான் பார்க்கிறேன். அவன் நிலைமையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் காதலியின் முகம், காதலியின் கை, காதலியின் சேலை. உள்ளே இருப்பது ஒரு கிழத் தவசி. இன்னொரு பக்கம் காவியும் தண்டமும். உள்ளே இருப்பது அவனுக்காகவே காத்திருந்தவள். அவன் பெயரைச் சொல்லி அழைப்பவள். அவன் எந்தப் பக்கம் போனான்?

சேலை பக்கம்தான்.

அவனைக் குறை சொல்ல வரவில்லை. நானாக இருந்தாலும் நீங்களாக இருந்தாலும் அங்கேதான் போயிருப்போம். ஆனால் காதல் கதை என்ற பெயரில் இவ்வளவு குரூரமான சோதனையை வைத்து, அதைச் சிரிப்பாகவும் மாற்றிக் காட்ட ஒரு தனித் துணிச்சல் வேண்டும். எழுதியவனிடம் அது இருந்தது.

முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யமதூதன்தான் இறங்கி வந்தான். யோகியிடம் பணிவாகக் கேட்டான். அவர் வெளியேறினார். உயிர்கள் இடம் மாறின. வசந்தசேனை வசந்தசேனையானாள், குரு குருவானார். போட்டியில் யாருக்கு வெற்றி என்று கேட்பீர்கள். என் கணக்கில் இருவருக்கும் தோல்வி. யோகியின் சித்து அவளைப் பிழைக்க வைக்கவில்லை. அவள் உடல்தான் எழுந்து நடந்தது, அவள் அதில் இல்லை. யமதூதன் திறமையும் காப்பாற்றவில்லை. அவன் செய்த பிழையைத்தான் அவன் சரிசெய்தான். அந்தப் பெயர்க் குழப்பம் எமன் கண்ணில் படாமல் போயிருந்தால் அந்தப் பெண் அன்றைக்கே சாம்பல்.

சாமியாரையும் எமனுடைய அலுவலகத்தையும் ஒரே மூச்சில் கேலி செய்யும் இந்த நாடகத்தைப் போற்றி, பாறையில் பெயர் பொறித்தது யாருடைய ஆட்சியில் என்பதை மறந்துவிடாதீர்கள். வடக்கே சாளுக்கியப் புலிகேசி படையோடு வருகிறான். பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளிய வைத்தேன் என்று அவனுடைய ஐஹொளெக் கல்வெட்டு மார்தட்டுகிறது. அந்த மதிலுக்குள் இருந்த மகேந்திரனோ, மண்டை ஓட்டைத் தொலைத்துவிட்டுப் பௌத்த பிக்குவோடு சண்டை போடும் குடிகாரக் கபாலியைப் பற்றி ‘மத்தவிலாசம்’ எழுதியவன். மத்தவிலாசன் என்பதையே தன் பட்டமாகவும் வைத்துக்கொண்டவன். விசித்திரசித்தன், குணபரன், சத்ருமல்லன், சித்திரகாரப்புலி என்று அவனுக்குப் பட்டங்கள் ஏராளம். பல்லாவரம் குகையில் பட்டங்களை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறான். அந்தக் குகை இன்று தர்காவாக இருக்கிறது. பொத்தேரியிலிருந்து தெற்கே போனால் செங்கல்பட்டை அடுத்து வல்லம். அங்கேயும் ஒரு குகைக் கோயில். அவனுக்கு அடங்கிய சிற்றரசன் கந்தசேனன் குடைந்தது. கந்தசேனனின் தகப்பன் பெயர் வசந்தப்பிரியராசன்! நம் கதாநாயகியோடு அவனுக்கு எந்த உறவும் இல்லை, பயப்படாதீர்கள். வல்லத்தில் அந்தக் கல்வெட்டைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அதனால் சொன்னேன்.

இத்தனை பட்டங்களுக்குள் புகுந்து புறப்படும் மன்னனுக்கு, உயிர் உடல் மாறும் கதை பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன?

பிடித்திருந்தது, சரி. எழுதியது அவன்தானா?

இங்கேதான் சிக்கல். தமிழ்நாட்டில் இந்த நாடகம் மறைந்தே போனது. காப்பாற்றியவர்கள் கேரளத்துச் சாக்கியார்கள். கோயில் கூத்தம்பலங்களில் தலைமுறை தலைமுறையாக ஆடி ஆடி வைத்திருந்தார்கள். ‘மத்தவிலாசம்’ 1917-இல் திருவனந்தபுரத்தில் அச்சேறியது. ‘பகவதஜ்ஜுகம்’ 1925-இல் கேரளத்திலிருந்தே முறையான பதிப்பாக வந்தது. மத்தவிலாசத்தில் மன்னன் பெயர் தொடக்கத்திலேயே கம்பீரமாக நிற்கிறது. பகவதஜ்ஜுகத்தைப் புரட்டுங்கள். தொடக்கத்தில் ஆசிரியர் பெயரே கிடையாது.

கேரளத்து மரபு ஒரு பெயரைச் சொல்கிறது. போதாயன கவி.

மாமண்டூர்ப் பாறையோ இரண்டு நாடகங்களின் பெயரையும் மகேந்திரனைப் பற்றிய ஒரே கல்வெட்டில் சேர்த்துச் சொல்கிறது. இரண்டும் மன்னன் எழுதியவை என்கிறார்கள் ஒரு சாரார். இல்லை, ஒன்றுதான் அவனுடையது என்கிறார்கள் மறு சாரார். கல்வெட்டைப் பார்த்துத் தீர்த்துவிடலாமே என்று கிளம்பினால், அந்த எழுத்துகள்தான் பெருமளவு சிதைந்து கிடக்கின்றன.

அங்கேதான் அடுத்த வாரம் போகிறோம். ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் நின்று டீ குடித்திருப்போமே, அந்த மாமண்டூர் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் வழியில் இருக்கும் மாமண்டூர். மகேந்திரன் பெயர் சொல்லும் ஏரிக்கு மேலே குகைகள் இருக்கின்றன. வெயில் ஏறிவிட்டால் பாறை சுடும். காலையிலேயே வந்துவிடுங்கள்.