ஈயம் மறிக்காததை எது மறிக்கும்?

கதிர்வீச்சு எண்டதும் எல்லாருக்கும் முதலில ஞாபகம் வாறது ஈயம். எக்ஸ்ரே கதிருக்கு அது சரி. ஆனால் மெதுவான நியூத்திரனை ஈயம் விழுங்காது. அங்கும் இங்கும் தட்டிவிடும், அவ்வளவுதான். மின்னேற்றம் இல்லாத நியூத்திரனுக்குப் பாரமான சுவர் போதாது, அதைப் பிடித்து வைக்கிற அணுக்கரு வேண்டும்.

இது விளங்கத் தொடங்கியது 1934 ஒக்டோபரில். உரோமில் என்ரிக்கோ பேர்மியின் குழு, நியூத்திரன் வரும் வழியில் பரபின் மெழுகை வைத்தது. பின்னால் இருந்த வெள்ளியின் கதிரியக்கம் பலமடங்கு கூடியது. மெழுகில் உள்ள ஐதரசனில் மோதி நியூத்திரன் வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் இலகுவாகப் பிடிபடுகிறது எண்டு பேர்மி விளக்கினார். தண்ணீரிலும் அப்படியா எண்டு பார்க்க, தோட்டத்து நீரூற்றிலேயே சோதனை செய்தார்கள். தண்ணீரூற்றுக்காரருக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகுமா?

மெதுவான நியூத்திரனைப் பிடிப்பதில் கட்மியமும் போரனும் கெட்டிக்காரர். அந்தக் கெட்டித்தனமே வேறிடத்தில் தொல்லை. 1941இல் யேர்மனியில் வால்தர் போத்தே காரீயத்தை அளந்துவிட்டு, அது நியூத்திரனை அதிகம் விழுங்குகிறது, உலைக்கு உதவாது எண்ட முடிவுக்கு வந்தார். அதில் கலந்திருந்த மாசுதான் காரணம் எண்டு பலர் கருதுகிறார்கள். யேர்மனியர் நோர்வேயின் கனநீரை நம்பிப் போனார்கள். அமெரிக்காவிலோ, போரன் இல்லாத காரீயம்தான் வேணும் எண்டு லியோ சிலார்ட் ஒற்றைக் காலில் நின்றார். 1942 டிசம்பர் 2இல் சிக்காகோவில் உலகின் முதல் அணுவுலை காரீயத்தில் இயங்கியது. அதை அடக்கி வைத்தவை கட்மியக் கோல்கள்.

பிறகு ஏன் எல்லா இடத்திலும் கட்மியம் இல்லை? நியூத்திரனைப் பிடித்ததும் கட்மியம் பலமான காமாக் கதிரை விடும். ஒன்றை மறிக்கப்போய் இன்னொன்றுக்குச் சுவர் கட்டவேணும். போரன் விடுகிற காமா பலம் குறைந்தது.

கடலுக்கு அங்கால, கல்பாக்கத்தில் இரண்டையும் காணலாம். 1996இல் இயங்கத் தொடங்கிய 30 கிலோவாற்று காமினி உலையில் தண்ணீரே நியூத்திரனை மெதுவாக்கும், குளிர்விக்கும், கவசமாயும் நிற்கும். கட்டுப்படுத்துவது கட்மியத் தகடு. 1985இல் தொடங்கிய வேக ஈனுலையிலோ போரன் காபைட்டுக் கோல்கள்.

1986இல் செர்னோபிலில் எரிந்த உலைமேல் உலங்குவானூர்திகள் ஈயத்தையும் போட்டன, போரன் காபைட்டையும் போட்டன. இரண்டுக்கும் வேலை வேறு. அதனால அணுவுலைக்குப் பக்கத்தில பாதுகாப்பு இருக்கு எண்டு யாரும் சொன்னால், "எந்தக் கதிருக்கு, எந்தப் பொருளால?" எண்டு கேட்கப் பழகுவம். அதைக் கேட்க விஞ்ஞான பீடத்தில படிச்சிருக்கத் தேவையில்லை.