காது குத்து முதல் கடைசி மூச்சு வரை: பெரியாழ்வார் பாடிய பருவங்கள்

ராஜபாளையத்துக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். மலையிலிருந்து இறங்கும் ஆற்றுக்கும் அதே பெயர்தான். அய்யனாரைக் குலதெய்வமாகக் கொண்ட இந்த வட்டாரக் குடும்பங்கள், பிள்ளைக்கு முதல்முடி இறக்குவதும் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதும் அந்தச் சாமி முன்னிலையில்தான். பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே, காது குத்தை ஒருவர் பதிகமாகப் பாடிவைத்தார்.

அவர்தான் வைணவ ஆழ்வார்களில் ஒருவரான பெரியாழ்வார். அவர் காலத்தை 8-9ஆம் நூற்றாண்டுகளில் வைப்பது ஆய்வாளர் வழக்கம். குழந்தையைப் பொருளாகக் கொண்டு பாடலாம் என்ற இசைவு தொல்காப்பியப் புறத்திணையியலிலேயே உண்டு. ஆனால் ஒரு பிள்ளை பிறந்து வளர்வதைப் படிப்படியாகத் தொடர்ந்து பாடிய முன்னோடி பெரியாழ்வார்தான். பிள்ளைத்தமிழின் ஊற்று அவரிடம் இருக்கிறது என்பது இலக்கிய வரலாற்றில் நிலைபெற்ற கருத்து. இதோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்று உண்டு. அந்த ஊற்றில் இருந்தது பின்னால் வந்த பிள்ளைத்தமிழை விடப் பெரியது. குழந்தை வளரும்போது கூடவே மாறும் தாயும், மகள் பிரிவும், முதுமையும், சாவும் அதில் இருந்தன.

காது குத்தும் பதிகத்தையே பார்ப்போம். கேசவன் தொடங்கித் தாமோதரன் வரை பன்னிரு திருநாமங்களால் தாய் யசோதை பிள்ளைக் கண்ணனை அழைக்கிறாள். ஆய்ப்பாடிப் பெண்கள் கூடியிருக்கிறார்கள். பெரிய அப்பம் தருவதாக ஆசை காட்டுகிறாள். பிள்ளையோ காதணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடுகிறான். காதின் நோவைவிட, பிள்ளைக்கு வலிக்கும் என்று தெரிந்தும் அதைச் செய்தே தீரவேண்டிய தாயின் நிலைதான் என்னை இதில் நிறுத்துகிறது. தாலாட்டு, அம்புலி, செங்கீரை, சப்பாணி, தளர்நடை என்று போன பாடல்களில் இருவரும் ஒன்றாகவே இருந்தார்கள். இங்கே முதல்முறையாகப் பிள்ளை மறுக்கிறான். பெரியாழ்வார் திருமொழியின் மூன்றாம் பத்தில் கன்று மேய்க்கப் போய்விடுகிறான். குடையும் செருப்பும் கொடுக்காமல் காட்டுக்கு அனுப்பிவிட்டேனே என்று அவள் புலம்புகிறாள். பிள்ளை வளர்ந்துவிட்டான், தாய் அதற்கு இன்னும் பழகவில்லை.

அடுத்து, மகளைப் பற்றி ஒரு தாய் பாடுகிறாள். புழுதி படிந்த உடம்பு, பேச்சு திருந்தவில்லை, சிற்றாடை உடுக்கத் தெரியவில்லை, விளையாட்டுப் பானை கையை விட்டு இறங்கவில்லை. அதற்குள் மனம் மட்டும் திருமாலிடம் போய்விட்டது. உடம்பின் வயதும் உள்ளத்தின் வயதும் ஒன்றாக நடப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பழந்தமிழ்ப் பாடல் எனக்குத் தெரிந்து இல்லை. அடுத்த பதிகத்தில் அவள் போயே போய்விடுகிறாள். போன வீட்டில் தயிர் கடைந்து அவள் கை தழும்பேறுமோ என்று தாய் கலங்குகிறாள்.

நான்காம் பத்தில் சாவு வருகிறது. படுக்கையில் கிடப்பவனைச் சுற்றி உட்கார்ந்து, எங்கே பொருள் வைத்திருக்கிறாய், சொல் சொல் என்று உறவினர் கேட்கிறார்கள். நினைவு தப்பும் அந்த நேரத்தில் அழைக்க முடியாமல் போகலாம் என்பதால், திருவரங்கத்துப் பெருமாளிடம் ஆழ்வார் முன்கூட்டியே முறையிட்டு வைக்கிறார்.

பின்வந்த மரபு இதில் ஒரு துண்டை மட்டும் எடுத்துச் செதுக்கியது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மேல் பிள்ளைத்தமிழ் பாடினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி, சிறுபறை, சிற்றில், சிறுதேர் எனப் பத்துப் பருவங்கள் உறுதிப்பட்டன. பெண்பாலுக்குக் கடைசி மூன்றும் மாறி அம்மானை, நீராடல், ஊசல் ஆயின. பாட்டியல் நூல்களில் ஒரு மரபு இவற்றை 3ஆம் மாதம் முதல் 21ஆம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் பொருத்தியது. அதுபோல உலா இலக்கியம் பெண்ணை ஏழு பருவங்களாகப் பகுத்தது: பேதை 5 வயதில் தொடங்க, பேரிளம்பெண் 40இல் முடிகிறாள். அதற்குப் பின் பெண்ணுக்குப் பருவமே இல்லை!

இதைச் சரிவு என்று மட்டும் சொல்ல மாட்டேன். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மைமேல் பாடியதன் சந்த அழகு இந்தக் கட்டுக்கோப்பால் வந்தது. கட்டுக்கோப்பு இருந்ததால்தான் நபிகள் நாயகமும் காந்தியும் பிள்ளைத்தமிழுக்குள் குழந்தைகளாக நுழைய முடிந்தது. ஆனால் பருவம் என்பது வளர்ச்சியாக இல்லாமல் புலவர் நிரப்பவேண்டிய இடமாக ஆனது. அம்புலியில் பெரியாழ்வாரின் தாய் நிலவைக் கெஞ்சுகிறாள், சிறுபிள்ளை என்று இகழாதே என்று மிரட்டவும் செய்கிறாள். பின்வந்தவர்கள் அதையே சாம, பேத, தான, தண்டம் என்று முறைப்படுத்தினார்கள்.

1950இல் உளவியலாளர் எரிக் எரிக்சன் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பகுத்து, முதுமையையும் வளர்ச்சியின் கணக்கில் சேர்த்தார். குழந்தையை வளர்ப்பவரும் அதனால் வளர்கிறார் என்பது அவர் வாதங்களில் முக்கியமானது. பெரியாழ்வாரின் தாய்ப்பாடல்களைப் படித்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

பெரியாழ்வாரின் வளர்ப்பு மகளான ஆண்டாளிடம் கோணம் திரும்புகிறது. நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகத்தில், முதுகு நோக இருந்து கட்டிய மணல்வீட்டைச் சிதைக்காதே என்று சிறுமியர் கண்ணனிடம் கெஞ்சுகிறார்கள். பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்திலும் இதே குரல்தான். ஆனால் அங்கே அந்தச் சிறுமியர் பத்துப் பாட்டுக்குப் பிறகு காணாமல் போகிறார்கள். சிறுவன் சிறுதேர் உருட்டப் போய்விடுகிறான். ஆண்டாளின் நூலில் அவளே தொடர்ந்து பேசுகிறாள். ஆறாம் பதிகத்தில் தன் திருமணக் கனவைத் தோழியிடம் சொல்கிறாள். அதற்கு அடுத்ததில் கண்ணனின் வாய்ச் சுவையைச் சங்கிடம் கேட்கிறாள்.