வகுப்பறைக்கு வந்த வழி

வகுப்பில் ஆசிரியர் ஒருவர் தன்பாலீர்ப்பை இழிவாகப் பேசினால் எங்கே முறையிடுவது என்று மாணவிகள் கேட்கும்போது, 1992இலிருந்துதான் நான் பதிலைத் தொடங்குகிறேன்.

அந்த ஆண்டு, ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற அரசுத் திட்டப் பணியாளர் பன்வாரி தேவியை ஆதிக்க சாதி ஆண்கள் கூட்டு வன்புணர்வு செய்தார்கள். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெண்கள் அமைப்புகள் ஓயவில்லை. அவர்கள் தொடுத்த வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. 2013இல் அது சட்டமானது. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரிகளுக்கென ‘2015ஆம் ஆண்டு விதிமுறைகள்’ கொண்டுவந்தது. நம் கல்லூரிகளின் உள்ளகப் புகார்க் குழுவுக்குப் பின்னால், தனக்கு நீதி கிடைக்காத ஒரு குயவர் சாதிப் பெண் இருக்கிறார்.

பேச்சில் பாலியல் சாயல் இருந்தால் அந்தக் குழுவிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தரலாம். மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் இழிவுக்கு ஆளாகலாம் என்பதையும் அவ்விதிமுறைகள் ஏற்கின்றன. மற்ற இழிசொற்களுக்கு மாணவர் குறைதீர்க்கும் குழு. அங்கே தீராவிட்டால், 2023 விதிமுறைகளின்படி ஆம்புட்ஸ்பர்சன்.

இன்னொரு வரலாறும் இதில் வந்து சேர்கிறது. ஆங்கிலேயர் 1860இல் எழுதிய 377ஆம் பிரிவை டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் தளர்த்தியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் நிறுத்தியது. 2018 செப்டம்பர் 6 அன்று, மனமொத்த உறவு குற்றமல்ல என்றது. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு தடுக்கும் பாகுபாட்டில் பாலீர்ப்பும் அடங்கும் என்று அத்தீர்ப்பு சொன்னதால், அரசுக் கல்லூரி கைகட்டி நின்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட இடமிருக்கிறது. 2021இல், மதுரையிலிருந்து சென்னைக்கு அடைக்கலம் தேடி வந்த இரு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவுகளைத் தொடர்ந்து, பால்புதுமையரைத் துன்புறுத்தக்கூடாது என்று காவலர் நடத்தை விதிகளில் தமிழக அரசு சேர்த்தது.

குறையும் உண்டு. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் தண்டனைகள் திருநர்களைத் துன்புறுத்துவோருக்கு மட்டுமே. பெண்ணை நேசிக்கும் பெண் தன் காயத்தை வேறொரு விதியின் பெயரில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அதனால் மாணவிகளிடம் இதையும் சொல்கிறேன்: புகாரில் உன் பாலீர்ப்பை நீ வெளிப்படுத்த வேண்டியதில்லை. அவர் சொன்ன சொல், நாள், உடன் கேட்டவர்கள், இவற்றை எழுது. வகுப்பே கேட்ட சொல்லுக்கு நீ ஒருத்தி மட்டும் கையெழுத்திட வேண்டியதுமில்லை.